எட்டு வரி கொட்டேஷன்: அசெம்பிள்டு கம்ப்யூட்டரின் கதை

(எபிசோடில் பேசியது, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போயிருக்கீங்களா? மவுண்ட் ரோடுல இருந்து உள்ளே திரும்பினா நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடுன்னு பின்னிக் கிடக்கிற அந்த ஏரியா மொத்தத்துக்குமே ரிச்சி ஸ்ட்ரீட்னு பேராகிப் போச்சு. ஒரு காலத்துல ரேடியோ ஸ்பேர் பார்ட்ஸ் வித்த இடம். அங்க எந்தக் கடையில போய் "ஒரு பிசி அசெம்பிள் பண்ணணும், பட்ஜெட் இவ்வளவுதான்"னு சொன்னாலும், கடைக்காரர் முதல்ல ஒரு சீட்டை எடுத்து மேலிருந்து கீழே எழுத ஆரம்பிப்பார். பிராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, கேபினட், எஸ்எம்பிஎஸ், மானிட்டர், கீபோர்டு-மவுஸ். மொத்தம் எட்டு வரி. அதுக்குப் பேரு கொட்டேஷன்.

அந்தச் சீட்டைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. எட்டு வரியில எட்டு கம்பெனி இருக்கலாம். அந்த எட்டு பேரும் உங்க கம்ப்யூட்டரைப் பத்தி ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிட்டது கிடையாது. ஆனாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரோட உட்கார்ந்தா ஒரு மணி நேரத்துல எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்தி, திரையில எழுத்து வந்துடும். போனுக்கு இப்படி ஒரு சீட்டு எழுத முடியாது. "கம்ப்ரஸர் இந்தக் கம்பெனி போடுங்க, கதவு அந்தக் கம்பெனி போடுங்க"ன்னு ஃபிரிட்ஜ் கடையில கேட்டா நம்மள ஒரு மாதிரி பார்ப்பாங்க. கம்ப்யூட்டருக்கு மட்டும் எப்படி முடியுது?

யாரோ பெரிய மனசு பண்ணிக் கொடுத்த வசதி இது இல்ல. ஒரு கம்பெனி அவசரத்துல திறந்து வெச்ச கதவு. அதுக்கப்புறம் நாற்பது வருஷமா அந்தக் கதவைச் சாத்தப் பார்க்கிற கையும், சாத்த விடாம காலை வைக்கிற ஆளும் மாறிக்கிட்டே இருக்காங்க. கம்மிக் காசுல பார்ட்ஸ் பொறுக்குறவங்க எந்த வரியில சிக்கனம் பிடிக்கலாம், எந்த வரியில பிடிக்கக் கூடாதுங்கிறதுக்கு விடையும் இந்தக் கதைக்குள்ளதான் இருக்கு. இன்னிக்கு அதைப் பேசுவோம்.

1980. அமெரிக்காவுல ஐபிஎம்னா கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர்னா ஐபிஎம். ஆனா அது ஒரு ஹால் அளவுக்கு இருக்கிற பெரிய கம்ப்யூட்டர். மேசை மேல வைக்கிற சின்ன கம்ப்யூட்டரை ஆப்பிள் மாதிரி புதுப் பசங்க வித்துட்டிருந்தாங்க. ஐபிஎம்முக்கு அந்தச் சந்தையும் வேணும், அதுவும் உடனே வேணும். ஐபிஎம் வழக்கப்படி சிப்புல இருந்து எல்லாத்தையும் தானே வடிவமைச்சா வருஷக்கணக்கா ஆகும். அதனால ஃப்ளோரிடாவுல போகா ரட்டோன்ங்கிற ஊர்ல ஒரு சின்ன குழுவை உட்கார வெச்சு, ஒரு வருஷத்துக்குள்ள முடிங்கன்னு சொல்லிட்டாங்க. குழுவுக்குத் தலைவர் டான் எஸ்ட்ரிட்ஜ். அவர் எடுத்த முடிவு, கடையில என்ன பார்ட்ஸ் கிடைக்குதோ அதை வாங்கிக் கோர்ப்போம்ங்கிறதுதான். பிராசஸர் இன்டெல்கிட்ட, 8088. ஆபரேட்டிங் சிஸ்டம் மைக்ரோசாஃப்ட்கிட்ட. யோசிச்சுப் பாருங்க, உலகத்தோட மிகப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி, ரிச்சி ஸ்ட்ரீட் வாடிக்கையாளர் மாதிரியே ஒரு சீட்டு எழுதியிருக்கு.

1981 ஆகஸ்ட் 12ஆம் தேதி அந்த ஐபிஎம் பிசி வெளியானது. அடிப்படை மாடல் 1,565 டாலர். அந்த விலைக்கு ராம் 16 கிலோபைட், மெகாபைட் இல்ல, கிலோபைட். மானிட்டர் கிடையாது, ஃபிளாப்பி டிரைவ் கிடையாது. ஆனா உள்ளே கூடுதல் கார்டு செருக அஞ்சு ஸ்லாட் இருந்தது. அந்த ஸ்லாட்டுக்கு யார் வேணும்னாலும் கார்டு செய்யட்டும்னு, உள்ளே இருக்கிற சர்க்யூட் படம் உட்பட எல்லாத்தையும் ஒரு புத்தகமா அச்சடிச்சு வித்தாங்க. எல்லாரும் கார்டு செஞ்சா நம்ம மெஷின் இன்னும் நல்லா விக்கும்ங்கிற கணக்கு. தப்பான கணக்குன்னு சொல்ல முடியாது, அப்படித்தான் வித்தது.

அப்போ ஐபிஎம்முக்குன்னு சொந்தமா அந்தப் பெட்டிக்குள்ள என்னதான் இருந்தது? முக்கியமா ஒண்ணு, பயாஸ். மெஷினை ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற, ஹார்டுவேருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் நடுவுல நின்னு பேசுற சின்ன புரோகிராம். வெறும் 8 கிலோபைட். அதோட வரிகளையும் அந்தப் புத்தகத்துலயே அச்சடிச்சிருந்தாங்க, ஆனா காப்பிரைட்டோட. படிக்கலாம், எடுத்துப் போட்டுக்கக் கூடாது. அதை அப்படியே காப்பி அடிச்ச சில கம்பெனிகள் மேல ஐபிஎம் கேஸ் போட்டது.

இந்தப் பூட்டைத் திறந்தவங்களைப் பத்திக் கொஞ்சம் நின்னு பேசணும். 1982ல டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியில இருந்து மூணு பேர் வெளியே வந்து காம்பேக்னு ஒரு கம்பெனி தொடங்கினாங்க. ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் மர்ட்டோ. ஐபிஎம் பிசியில ஓடுற எந்த சாஃப்ட்வேரும் எங்க மெஷின்லயும் ஓடணும், ஆனா ஐபிஎம்மோட ஒரு வரியைக்கூடத் தொடக் கூடாதுங்கிறதுதான் அவங்க திட்டம். அதுக்கு ஒரு வழி இருக்கு. ஆட்களை ரெண்டு குழுவாப் பிரிக்கணும். முதல் குழு பயாஸைப் படிச்சு, "இந்தக் கேள்வி கேட்டா இந்தப் பதில் வரணும்"னு அது என்ன செய்யுதுங்கிறதை மட்டும் எழுதும். எப்படிச் செய்யுதுன்னு எழுதாது. ரெண்டாவது குழுவுல இருக்கிறவங்க ஐபிஎம் பயாஸைக் கண்ணால பார்த்தே இருக்கக் கூடாது. அவங்க அந்தக் குறிப்பை மட்டும் வெச்சு, புதுசா, சொந்தமா எழுதணும். நாளைக்குக் கோர்ட்ல நின்னாலும் "நாங்க பார்க்காததை எப்படிக் காப்பி அடிச்சிருக்க முடியும்?"னு கேட்கலாம். பரீட்சை ஹால்ல பிட்டே இல்லாம, கேள்வித்தாளை மட்டும் வெச்சு அதே விடையை எழுதிக் காட்டுற மாதிரி.

காம்பேக் போர்ட்டபிள் 1983ல கடைக்கு வந்தது. போர்ட்டபிள்னு பேரு, எடை கிட்டத்தட்ட 13 கிலோ. ஒரு அரிசி மூட்டையில பாதி. ஆனா முதல் வருஷமே 111 மில்லியன் டாலருக்கு வித்தாங்க. காம்பேக் தன் பயாஸை வேற யாருக்கும் கொடுக்கல. அதையும் செஞ்சது 1984ல ஃபீனிக்ஸ்ங்கிற கம்பெனி. இதே ரெண்டு குழு முறையில ஒரு பயாஸ் எழுதி, காசு கொடுத்தா யாருக்கும் லைசென்ஸ் தர்றோம்னு அறிவிச்சாங்க. மைக்ரோசாஃப்ட்டும் தன்னோட டாஸை மத்தவங்களுக்கு விக்கிற உரிமையைக் கையில வெச்சிருந்தது. இன்டெல் சிப்பு எப்பவுமே கடைச் சரக்குதான். இப்போ சொல்லுங்க, ஐபிஎம் பிசி செய்ய ஐபிஎம் எதுக்கு?

ஐபிஎம்முக்கு இது புரியறதுக்குள்ள காலம் ஓடிப் போச்சு. 1986ல இன்டெலோட 386 சிப்பைப் போட்ட மெஷினை ஐபிஎம்முக்கு முன்னாடியே காம்பேக் கொண்டு வந்துடுச்சு. அடுத்த வருஷம் ஐபிஎம் கதவைச் சாத்தப் பார்த்தது. பிஎஸ்/2ன்னு புது வரிசை, உள்ளே மைக்ரோ சேனல்னு புது ஸ்லாட். பழைய கார்டு எதுவும் அதுல உட்காராது, புது ஸ்லாட்டை மத்தவங்க பயன்படுத்தணும்னா ஐபிஎம்முக்கு ராயல்டி கட்டணும். உடனே 1988ல காம்பேக் தலைமையில ஒன்பது கம்பெனிகள் சேர்ந்து, பழைய கார்டும் உட்கார்ற மாதிரி தங்களுக்குன்னு ஒரு ஸ்லாட்டை அறிவிச்சாங்க. அந்த ஸ்லாட் வீட்டு கம்ப்யூட்டருக்கெல்லாம் பெருசா வரல, அது வேற விஷயம். ஆனா பழைய ஸ்லாட் பிழைச்சுக்கிச்சு, மைக்ரோ சேனல் பிழைக்கல. உங்க மதர்போர்டு பின்பக்கம் ஊதாவும் பச்சையுமா ஒரு வட்டப் போர்ட் இருந்தா, அதுக்குப் பேரு பிஎஸ்/2 போர்ட். சந்தையைப் பூட்ட வந்த மெஷினோட மிச்சம், கீபோர்டு சொருகுற ஒரு ஓட்டையா இன்னும் நம்ம வீட்ல இருக்கு. ஐபிஎம்மோ தன் பிசி வியாபாரத்தையே 2005ல லெனோவோவுக்கு வித்துட்டு வெளியேறிடுச்சு.

இதுக்கப்புறம் கதை தைவானுக்குப் போகுது. அசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட் எல்லாம் 80களின் பிற்பாதியில அங்க தொடங்கின கம்பெனிகள். ஒரு போர்டு முழுக்க நிறைஞ்சு கிடந்த சில்லறை சிப்புகளை நாலஞ்சு சிப்புக்குள்ள அடக்கின 'சிப்செட்' வந்ததும், மதர்போர்டு செய்யறது பெரிய கம்பெனி சமாச்சாரமா இல்லாமப் போச்சு. 1995ல இன்டெல் ஏடிஎக்ஸ்ங்கிற அளவு முறையை வெளியிட்டது. போர்டுல ஸ்க்ரூ துளை எங்க இருக்கணும், பின்பக்க போர்ட் எங்க வரணும், எஸ்எம்பிஎஸ் ஒயர் எப்படி இருக்கணும்னு எல்லாத்துக்கும் ஒரு வரையறை. அன்னிக்கு வாங்கின நல்ல கேபினட்டுல இன்னிக்கு வர்ற ஏடிஎக்ஸ் போர்டைப் போட்டாலும் துளை சரியா உட்காரும். கொட்டேஷன் சீட்டு முழுமையானது இங்கதான்.

நம்ம ஊருக்கு வருவோம். 90கள்ல இங்க பிராண்டட் கம்ப்யூட்டர் நடுத்தரக் குடும்பத்துக்குக் கனவு. சுங்க வரியும் சேர்ந்து விலை எங்கேயோ நிக்கும். அதனால டிடிபி சென்டர், கம்ப்யூட்டர் கோச்சிங் சென்டர், கொஞ்சம் தள்ளி பிரவுசிங் சென்டர்னு தெருவுக்குத் தெரு முளைச்ச இடங்கள்ல ஓடினது பெரும்பாலும் அசெம்பிள்டு மெஷின்தான். 1997ல இந்தியா உலக வர்த்தக அமைப்போட தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்துல சேர்ந்தது. அதுல அடங்கின பொருட்களுக்கு வரி படிப்படியா இறங்கி 2005ல பூஜ்யத்துக்கு வந்தது. அந்த எட்டு வருஷத்துலதான் "வீட்ல ஒரு கம்ப்யூட்டர்"ங்கிற பேச்சு நிறைய தெருக்களுக்குள்ள நுழைஞ்சது. என்னோட தலைமுறையில சாஃப்ட்வேர் வேலைக்குப் போன பலபேர் முதன்முதல்ல தொட்ட மெஷினுக்கு பிராண்டு பேரே கிடையாது. கேபினட் முகப்புல கடைக்காரர் ஒட்டின ஸ்டிக்கர் மட்டும் இருக்கும்.

திறந்த கதவு வழியா நல்லவங்க மட்டும் வருவாங்களா என்ன? அந்தக் காலத்துல உலகம் முழுக்கவே ரெண்டு தில்லுமுல்லு நடந்தது. ஒண்ணு, பிராசஸர் மேல இருக்கிற எழுத்தைச் சுரண்டிட்டு அதைவிட வேகமான மாடலோட நம்பரை அச்சடிச்சு விக்கிறது. இன்னொண்ணு எனக்கு இன்னும் ஆச்சரியம். சில மலிவு 486 மதர்போர்டுல கேஷ் மெமரின்னு உட்கார்ந்திருந்த சிப்புகளைப் பிரிச்சுப் பார்த்தா உள்ளே ஒண்ணுமே இல்ல. வெறும் பிளாஸ்டிக் கட்டி, அதுக்குக் கால் மட்டும் வெச்சிருக்கு. பயாஸையும் கொஞ்சம் தட்டி வெச்சிருப்பாங்க, ஆன் பண்ணா "கேஷ் 256 கே"ன்னு திரையில காட்டும். கொட்டேஷன்ல எழுதினது வேற, உள்ளே இருக்கிறது வேற. சீல் உடைக்காத பெட்டி, சீரியல் நம்பர் போட்ட பில், கண்ணு முன்னாடி அசெம்பிள் பண்றதுன்னு நம்ம ஆட்கள் அடம் பிடிக்கிறதுக்குக் காரணம் சும்மா இல்ல.

இப்போ நான் பேச ஆசைப்பட்ட இடத்துக்கு வந்துட்டேன். 1998 ஆகஸ்ட் 24.

அதுக்கு நாலு மாசம் முன்னாடி, ஏப்ரல்ல, இன்டெல் செலரான்னு ஒரு மலிவு பிராசஸரைக் கொண்டு வந்தது. பென்டியம் 2வோட கேஷ் மெமரியை மொத்தமா பிடுங்கிட்டு வித்த சரக்கு. வேகம் ரொம்ப மட்டம், பத்திரிகைகள் கிழி கிழின்னு கிழிச்சாங்க. அவமானத்தைத் துடைக்க, ஆகஸ்ட்ல செலரான் 300ஏ வந்தது. இந்தத் தடவை 128 கிலோபைட் கேஷ், சிப்புக்குள்ளயே, பிராசஸரோட அதே வேகத்துல. விலை உயர்ந்த பென்டியம் 2வுக்கு 512 கிலோபைட் இருந்தது, ஆனா அது தனி சிப்புல, பாதி வேகத்துல ஓடும். மலிவு மாடல்ல, ஒரு விஷயத்துல, உசந்த மாடலைவிட நல்ல சரக்கு உட்கார்ந்துடுச்சு.

இங்க ஒரு சின்னக் கணக்கு. பிராசஸரோட வேகம் ரெண்டு எண்ணைப் பெருக்கினா வர்றது. போர்டோட பஸ் வேகம் ஒண்ணு, பெருக்கல் எண் ஒண்ணு. 300ஏல பெருக்கல் எண் 4.5, அதை யாரும் மாத்த முடியாதபடி இன்டெல் பூட்டியிருந்தது. எழுத்தைச் சுரண்டி விக்கிற கோஷ்டிக்கு வெச்ச பூட்டு அது. ஆனா பஸ் வேகம் போர்டு கையில இருக்கு. 66 மெகாஹெர்ட்ஸை 4.5 ஆல பெருக்கினா 300. அதே வருஷம் வந்த 440பிஎக்ஸ் சிப்செட் போர்டுகள் முறைப்படியே 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுல ஓடும். 100ஐ 4.5 ஆல பெருக்குங்க. 450.

அதே நாள்ல இன்டெல் இன்னொரு பிராசஸரையும் வெளியிட்டது. பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ், அன்னிக்கு வித்ததுலயே உச்ச மாடல். மொத்தமா ஆயிரம் வாங்குறவங்களுக்கு ஒண்ணு 669 டாலர். செலரான் 300ஏ 149 டாலர்.

அபிட் பிஎச்6ன்னு ஒரு போர்டு இருந்தது. அதுல ஜம்பர் எதையும் பிடுங்கிச் சொருக வேணாம், பயாஸ் உள்ளே போய் 66ஐ 100ன்னு மாத்தி, தேவைப்பட்டா வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டி, சேவ் பண்ணிட்டு வந்தா போதும். அந்த வசதி இல்லாத போர்டு வெச்சிருந்தவங்க, பிராசஸர் கார்டுல பி21ங்கிற ஒரு பின் மேல மட்டும் துளியூண்டு டேப்பை ஒட்டினாங்க. போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர்னு நம்பிடும். எல்லா சிப்பும் ஓடினதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா பெரும்பாலும் ஓடினது.

இந்தக் கதையை ஓவர்கிளாக்கிங் சாகசமா நிறைய பேர் சொல்வாங்க. எனக்கு அதுல முக்கியமாப் படறது வேற. 300ஏ வாங்கினவங்க மிச்சம் பிடிச்ச காசு முழுசையும் பாக்கெட்ல போட்டுக்கல. கொட்டேஷன்ல பிராசஸர் வரியில குறைச்சதுல ஒரு பங்கை எடுத்து, போர்டு வரியில பிஎக்ஸ் சிப்செட்டும், ராம் வரியில 100 மெகாஹெர்ட்ஸைத் தாங்குற மெமரியும் வாங்கினாங்க. மட்டமான போர்டும் பழைய ராமும் போட்டவங்களுக்கு 450 கிடைக்கல. எந்த வரியில விலை பொருளுக்காக வைக்கப்பட்டது, எந்த வரியில பேருக்காக வைக்கப்பட்டதுன்னு பிரிச்சுப் பார்த்த ஒரு கூட்டம் அது.

ஏன் இப்படி ஒரு ஓட்டை வருது? சிப்பு தயாரிப்பு தக்காளி மார்க்கெட் மாதிரி. ஒரே தோட்டம்தான், பறிச்ச பிறகு முதல் ரகம், ரெண்டாம் ரகம்னு பிரிக்கிறாங்க. உண்மையிலேயே அடிபட்டது ரெண்டாம் ரகத்துக்குப் போகும். ஆனா விளைச்சல் நல்லா இருந்து, சந்தையில ரெண்டாம் ரகத்துக்குத்தான் கூட்டம்னா, நல்ல பழத்தையும் அந்தக் கூடையில கொட்டித்தான் ஆகணும். அந்தக் கூடையில கைவிட்டு நல்ல பழமாத் தேடறதுதான் பட்ஜெட் பில்டர் வேலை.

2000ல ஏஎம்டியோட ட்யூரான் வந்தப்போ, சிப்பு மேல வெட்டி விட்டிருந்த சின்னச் சின்ன இணைப்புகளைப் பென்சில் கிராஃபைட்டால கோடு போட்டுச் சேர்த்து பெருக்கல் எண்ணைத் திறந்தாங்க. நட்ராஜ் பென்சிலுக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும்னு யார் நினைச்சா! 2009ல ஃபீனம் 2 எக்ஸ்2னு ரெண்டு கோர் சிப்பு வித்தாங்க, சரியான போர்டுல பயாஸ்ல ஒரு செட்டிங்கை மாத்தினா சில சிப்புல நாலு கோர் முழிச்சுக்கும். சிலதுல முழிக்காது, அது லாட்டரி. இதையெல்லாம் பார்த்துட்டு, திறக்கிற வேலையை நாமே காசுக்குச் செஞ்சா என்னன்னு 2010ல இன்டெலுக்கு ஒரு யோசனை. பென்டியம் ஜி6951ங்கிற மாடலுக்கு 50 டாலர்ல ஒரு கார்டு வாங்கி, அதுல இருக்கிற கோடை அடிச்சா, சிப்புக்குள்ள ஏற்கெனவே இருந்து பூட்டி வெச்ச கேஷும் ஹைப்பர் த்ரெடிங்கும் திறக்கும். போன் ரீசார்ஜ் கார்டேதான். நான் காசு கொடுத்து வாங்கின பொருளுக்குள்ள இருக்கிறதை எனக்கே மறுபடி விக்கிறியான்னு ஊரே கேட்டது. அடுத்த வருஷமே கைவிட்டுட்டாங்க.

ஓட்டை அப்பப்போ தானாவும் திறக்கும். 2017 ஜனவரியில பென்டியம் ஜி4560, 64 டாலர். ரெண்டு கோர், நாலு த்ரெட், அதே அமைப்புல இருந்த கோர் ஐ3 7100 விலை 117 டாலர். கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் கிரிப்டோ மைனிங்ல காணாமப் போய் விலை ஏறிக் கிடந்த 2018 பிப்ரவரியில, ஏஎம்டி ரைசன் 3 2200ஜியை 99 டாலருக்குக் கொடுத்தது. நாலு கோர், உள்ளேயே ஓரளவு கேம் ஆடக்கூடிய கிராஃபிக்ஸ். கொட்டேஷன்ல ஒரு வரியையே அடிச்சுட்டுப் போன சிப்பு அது. அன்னிக்கு நிறைய பசங்க அதை வெச்சுத் தொடங்கி, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு கார்டு போட்டுக்கிட்டாங்க.

சிக்கனம் பிடிக்கக் கூடாத வரிக்கு வர்றேன். எஸ்எம்பிஎஸ். நம்ம ஊர்ல மலிவு கேபினட்டோடயே ஒண்ணு இலவசமா வரும், மேல 450 வாட்ஸ்னு எழுதியிருக்கும். அந்த எண்ணை நம்பாதீங்க. கையில தூக்கினா காலி டப்பா கனம்தான் இருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்ல, ஒரு கடையில கட்டிக் கொடுத்த மெஷின்ல அப்படிப்பட்ட ஒண்ணு ஒரு கோடை ராத்திரியில கரன்ட் ஏறி இறங்கினப்போ போச்சு. தனியாப் போகல. போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிட்டுப் போச்சு. டிஸ்க்குல அந்தப் பொண்ணோட புராஜெக்ட் இருந்தது. வாரண்டி கேட்டா "கேபினட்டோட ஃப்ரீயா வந்ததுக்கு வாரண்டி இல்லம்மா"ன்னாங்க.

வெளியே தெரியாத சின்னப் பொருள்ல சிக்கனம் பிடிச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு உலக அளவுலயே ஒரு உதாரணம் இருக்கு. 2000களின் தொடக்கத்துல கோளாறான கலவை ஊத்தின கெபாசிட்டர்கள் லட்சக்கணக்கான மதர்போர்டுல போய் உட்கார்ந்தது. ரெண்டு மூணு வருஷத்துல தலை வீங்கி, கசிஞ்சு, மெஷின் செத்தது. பெரிய பிராண்டுகளும் தப்பல. டெல் கம்பெனி 2005ல இதுக்காக 300 மில்லியன் டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. அதுக்கப்புறம்தான் "சாலிட் கெபாசிட்டர்"னு போர்டு பெட்டி மேல பெருமையா அச்சடிக்க ஆரம்பிச்சாங்க.

இன்னொரு வரி மதர்போர்டு. இது இன்னும் நுணுக்கம், ஏன்னா கதவைச் சாத்துற வேலை இப்போ இங்கதான் நடக்குது. 2017 அக்டோபர்ல இன்டெலோட எட்டாம் தலைமுறை வந்தது. சாக்கெட்டுல பழைய போர்டு மாதிரியே 1151 தொடுபுள்ளிகள், உட்கார்ந்தாலும் உட்காரும், ஆனா ஓடாது, புது போர்டு வாங்கணும். ஏஎம்டி எதிர்ப்பக்கம் நின்னு, எங்க ஏஎம்4 சாக்கெட் 2020 வரைக்கும் தாங்கும்னு விளம்பரம் பண்ணி வித்தது. அதை நம்பித்தான் பட்ஜெட்காரங்க பி450 போர்டு வாங்கினாங்க. இன்னிக்கு மலிவா ஒரு ரைசன், நாளைக்குக் காசு வந்ததும் அதே போர்டுல நல்ல ரைசன்னு கணக்கு.

2020 மே மாசம் ஏஎம்டி ஒரு அறிவிப்பு போட்டது. அடுத்து வரப்போற ரைசன் பி450ல ஓடாது. காரணம், பல போர்டுல பயாஸ் வைக்கிற சிப்போட அளவு 16 மெகாபைட்தான், எல்லா பிராசஸருக்கும் இடம் பத்தாது. மறுபடியும் பயாஸ்! 8 கிலோபைட்ல இருந்தபோதும் அதுதான் பூட்டு, 16 மெகாபைட் ஆனபோதும் அதுதான். காரணம் பொய்யில்ல. ஆனா அந்த மாசம் வரைக்கும் மலிவு விலையில கடையில கிடைச்ச போர்டே பி450தான், அடுத்த மாடல் பி550 இன்னும் வரவே இல்ல. வாங்கினவங்க கொதிச்சுப் போனாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள ஏஎம்டி இறங்கி வந்து, பி450க்குத் தனி பயாஸ் தர்றோம்னு சொன்னது. 2022ல அதுக்கும் முந்தின 300 வரிசை போர்டுகளுக்கும் வந்துடுச்சு. 2017ல வாங்கின போர்டுல 2022ல வந்த 5800எக்ஸ்3டியைச் சொருகினவங்க இருக்காங்க. அந்த ரெண்டு வாரம் யாரும் சத்தம் போடலன்னா அந்த போர்டெல்லாம் அப்பவே குப்பை.

இன்னிக்கு நிலவரம் என்னன்னா, தலைவலி ராம் வரியில. 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி போகப் போக, நமக்குக் கிடைக்கிற ராம் விலை தாறுமாறா ஏறிடுச்சு. குருஷியல்ங்கிற பேர்ல நமக்கு ராமும் எஸ்எஸ்டியும் வித்துட்டிருந்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விடறோம்னு டிசம்பர்ல அறிவிச்சது. இன்னொரு பக்கம் ராமைப் போர்டோட சேர்த்துச் சால்டர் பண்ற பழக்கம் பரவுது. லேப்டாப்புல எப்பவோ வந்தாச்சு. எல்லாத்தையும் கழட்டி மாத்தலாம்னு சொல்லியே பேர் வாங்கின ஃப்ரேம்வொர்க் கம்பெனி 2025ல டெஸ்க்டாப் கொண்டு வந்தப்போ அதுலயே ராம் சால்டர்தான். அந்த ஏஎம்டி சிப்புக்குத் தேவையான வேகம் ஸ்லாட்ல கிடைக்காதுன்னாங்க. நான் அதை நம்பறேன். ஆனா வாங்கும்போதே ராம் அளவை முடிவு பண்ணிடணும்னா, கையில காசு கம்மியா இருக்கிறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய நஷ்டம்னு சொல்லத் தேவையில்ல.

அதனால இப்போ யாராவது என்னைக் கேட்டா நான் சொல்றது இதுதான். பிராசஸர் வரியில இறங்கி வாங்க, உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிற மாடல் எடுங்க. போர்டுல ராம் ஸ்லாட் நாலு இருந்தா நல்லது, குறைஞ்சது ரெண்டு. இப்போதைக்கு ஒரு ராம் போட்டாலும் பரவாயில்ல, வேகம் கொஞ்சம் குறையும், ஸ்லாட் காலியா இருக்கட்டும். எஸ்எம்பிஎஸ் தனியா, பேர் தெரிஞ்ச கம்பெனி, பில்லோட. கேபினட் அழகை அப்புறம் பார்த்துக்கலாம்.

பழைய ஆபீஸ் மெஷின் வாங்கலாமான்னும் கேக்கறாங்க. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏத்துக்காது. அதனால ஆபீஸ்ல இருந்து கழிச்சுக் கட்டின மெஷின் செகண்ட் ஹேண்ட் கடையில குவியுது. லினக்ஸ் போட்டுக்கத் தயார்னா படிக்கவும் புரோகிராம் எழுதவும் அருமையான சரக்கு. ஒண்ணே ஒண்ணு, வாங்குறதுக்கு முன்னாடி பக்கவாட்டு மூடியைக் கழட்டச் சொல்லி, எஸ்எம்பிஎஸ்ல இருந்து போர்டுக்குப் போற ஒயரைப் பாருங்க. 24 பின் கனெக்டர் இருந்தா தைரியமா எடுங்க. ஆறு பின், எட்டு பின்னுன்னு அந்தக் கம்பெனிக்கே உரிய கனெக்டர் இருந்தா, நாளைக்கு எஸ்எம்பிஎஸ் போச்சுன்னா ரிச்சி ஸ்ட்ரீட் முழுக்க அலைஞ்சாலும் லேசுல கிடைக்காது. அதுக்கு ஏத்த மாதிரி விலையைக் குறைச்சுக் கேளுங்க.

மானிட்டர் வரியைப் பத்தி இன்னிக்கு ஒண்ணும் பேசல, அது தனிக் கதை. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.